வேண்டாம் என்று சொன்ன அம்மா

முப்பத்திரண்டு தையல் மெஷின்கள் ஒரே நேரத்தில் இரைகிற கூடத்தின் வாசலில் நின்றுகொண்டு, மூன்றாவது வரிசையில் ஏழாவது மெஷினில் ஊசி ஒரு நூலளவு ஏறியிருக்கிறது என்று யாராலாவது சொல்ல முடியுமா? அவரால் முடிந்தது. சட்டை தைக்கும் அந்தக் கூடத்தில் அவருக்கு மெக்கானிக் என்றே பெயர். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எண்ணெய்க் குப்பி, இரண்டு திருப்புளி, உடைந்த ஊசித் துண்டைப் பொறுக்க ஒரு காந்தம், இவ்வளவுதான் அவருடைய ஆயுதம். மற்றதையெல்லாம் காது பார்த்துக்கொள்ளும். பெண்கள் கை தூக்கிக் கூப்பிடுவதற்கு முன்பே போய் நிற்பார். "இன்னும் நூல் அறுந்துபோகவே இல்லையேண்ணே" என்பார்கள். "அறும்" என்பார். சொல்லி வாய் மூடுவதற்குள் அறும்.

அப்படிப்பட்ட காதுக்குத்தான் இது வந்து சேர்ந்தது. என்னத்தைச் சொல்ல.

மதிய மணி அடித்ததும் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓயும். பெண்கள் ஜன்னலோரம் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கைவிட்டு, இல்லாத ஆள் தலையை உருட்டிக்கொண்டு சாப்பிடுவார்கள். மெக்கானிக் துணி வெட்டும் மேஜைக்குப் பின்னால் போய்விடுவார். அவர் பையில் மூன்று சாமான்தான் இருக்கும். கவர் பிரிக்காத ரொட்டி, தோல் உரிக்காத வாழைப்பழம், அவரே ஓட்டோடு அவித்துக் கொண்டுவந்த முட்டை. மூடியிருப்பதைத்தான் தின்பார். இன்னொருத்தர் கை உள்ளே போக முடியாததைத்தான் தின்பார். இரண்டு வருஷமாக இதுதான் சாப்பாடு. ஆள் பாதியாகிவிட்டார். இடுப்பு பெல்ட்டில் ஆணியால் நாலு புது ஓட்டை போட்டாயிற்று.

ஏன் என்று கேட்டால், அம்மா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

முதலிலிருந்தே சொல்லிவிடுவது நல்லது. அந்த அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது பிறந்த பத்தாம் நாளே போய்விட்டது. அடுத்துப் பிறந்தவர் இவர். வீட்டில் வேறு பிள்ளையே இல்லை, ஆனாலும் அம்மாவுக்கு இவர் கடைசிவரை "சின்னவன்"தான். நாற்பது வயதிலும், காதோரம் நரைத்த பிறகும், மாடிப்படி முழுக்கக் கேட்கும்படி "சின்னவனே, சாப்பிட்டியா?" என்று கேட்பார். அந்தப் பெயரால் அவரைக் கூப்பிட உலகத்தில் வேறு யாரும் கிடையாது.

மனைவி அதே தையல் கூடத்தில் காலர் தைத்தவள். அவள் மெஷின் மட்டும் வாரத்தில் நாலு நாள் பழுதாகும். அதற்கு ஒரு கோளாறும் கிடையாது என்பது மூன்று பேருக்குத் தெரியும்: அவருக்கு, அவளுக்கு, மெஷினுக்கு. அம்மாவுக்கு அவளைப் பிடிக்கவில்லை. கை வேகத்தைவிட வாய் வேகம் அதிகம் என்று ஒரே பிடியாக நின்றார். எப்படியோ கல்யாணம் நடந்தது. ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தபோது மருமகள்தான் காலர் மெஷினை விட்டுவிட்டு ஏழு மாதம் பக்கத்தில் இருந்து பார்த்தாள். மெக்கானிக் மருந்துச் செலவுக்காக இரண்டு ஷிப்ட் பார்த்தார். அம்மா போனது ஒரு வேலை நாளில், காலை பதினோரு மணிக்கு. சேதி வந்தபோது அவர் ஒரு மெஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்து பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். அதை நினைத்து நினைத்து அவர் தன்னையே தின்றுகொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. அவர் வாய் திறந்து சொல்கிற ஆளும் இல்லை.

ஒரு வருஷம் கழித்து, மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பின்கழுத்துப் பக்கத்தில் தெளிவாகக் கேட்டது. "சின்னவனே, சாப்பிட்டியா?"

பயந்துபோயிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று மாதம் அந்த ஒரு கேள்விதான் வந்தது, அவரும் யாரிடமும் மூச்சு விடாமல் அதைப் பொத்தி வைத்துக்கொண்டார். பிறகுதான் குரல் வேறு பேச்சுப் பேசத் தொடங்கியது. "அதைச் சாப்பிடாதே." "அவ கையால வேணாம்." "அதுல என்னமோ கலந்திருக்கா." மாடியில் இருப்பவர்கள் தன்னைப் பற்றிக் கிசுகிசுப்பதும் அவருக்குக் கேட்க ஆரம்பித்தது. தட்டு தட்டாகச் சாப்பாடு குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. மனைவி கெஞ்சினாள், அழுதாள், கத்தினாள், பிறகு பேசாமல் இருந்தாள். ஒரு நாள் காலையில் மகள் வாய்க்குக் கொண்டுபோன கரண்டியை மெக்கானிக் தட்டிவிட்டார். கரண்டி பட்டுக் குழந்தையின் உதடு கிழிந்தது. அன்றைக்கே மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு, இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். எட்டு மாதம் ஆயிற்று.

யார் தப்பு என்று பார்த்தால் யார் தப்பும் இல்லை, அதுதான் கொடுமை.

அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது கூடத்தின் மேஸ்திரி. டாக்டர் மனச்சிதைவு என்று சீட்டில் எழுதி மாத்திரை கொடுத்தார். மாத்திரை வேலை செய்தது. மாடிவீட்டுக் கிசுகிசு போயிற்று, ராத்திரித் தூக்கம் வந்தது. அம்மா மட்டும் போகவில்லை. சாப்பாட்டு நேரம் ஆனால் சரியாக வந்துவிடுவார். மாத்திரையை விடாமல் போட வேண்டும், கூடவே பேசியும் பார்க்க வேண்டும் என்று சொல்லி டாக்டர் அவரை இரண்டாம் மாடி, பதினாலாம் நம்பர் அறைக்கு அனுப்பினார்.

அங்கே கவுன்சலர் பெண் இருந்தாள். இருபத்தெட்டு வயதிருக்கும். நல்ல மனசு, நல்ல படிப்பு. அவள் வளர்ந்த வீட்டில் அப்பாவையே எதிர்த்து வாதாடி ஜெயிக்கலாம், ஜெயித்தால் அப்பா கை தட்டுவார். அவள் மேஜைமேல் ஒரு தடிப் புத்தகம் இருந்தது. காதில் குரல் கேட்பவர்களோடு எப்படிப் பேச வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்லும் புத்தகம். வேறு நாட்டில், வேறு மாதிரி வீடுகளில் வளர்ந்தவர்களுக்காக எழுதியது. அதில் ஒரு வரி விடாமல் செய்தால் மெக்கானிக் தேறிவிடுவார் என்று அவள் நம்பினாள். மெக்கானிக்குக்கும் தேற வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் திறக்க ஏழு வாரம்தான் பாக்கி. அதற்குள் வீடு சரியானால் திரும்பி வருகிறேன், இல்லாவிட்டால் பாப்பாவை அண்ணன் ஊரிலேயே பள்ளியில் போட்டுவிடுகிறேன் என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். போட்டுவிட்டால் அப்புறம் எங்கே வருவது? அங்கேயே வேர் பிடித்துவிடும். இது அவருக்குத் தெரியும். ராத்திரியும் பகலும் இதே நினைப்புதான்.

முதல் வாரம் கவுன்சலர் ஒரு நோட்டைக் கொடுத்தாள். குரல் என்ன சொல்கிறதோ அதை எழுத வேண்டும், எதிரே அதை நூற்றுக்கு எத்தனை நம்புகிறார் என்று எழுத வேண்டும். "சரி மேடம்" என்றார். அடுத்த வாரம் நோட்டு காலியாக வந்தது. கேட்டதற்கு, "அம்மா சொல்றதுக்கு யாராவது மார்க் போடுவாங்களா மேடம்?" என்றார். அவள் சிரித்துவிட்டு, அம்மா இல்லை சார், அது உங்கள் மூளை உண்டாக்குகிற சத்தம் என்று பொறுமையாக விளக்கினாள். சரி மேடம். கடையில் சமைத்த ஏதாவது ஒன்றைத் தினம் ஒரு வாய் தின்னப் பழகச் சொன்னாள். சரி மேடம். வாரம் ஓடியதே தவிர நோட்டில் ஒரு எழுத்து ஏறவில்லை.

நாலாம் வாரம் மனைவியை வரவழைத்தாள். காலை பஸ் பிடித்து, சமைத்த டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு மனைவி வந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவளைப் பார்த்ததும் மெக்கானிக்குக் கை கால் ஓடவில்லை. எழுந்து நின்றார், உட்கார்ந்தார், பாப்பா எப்படி இருக்கிறாள் என்று மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் நன்றாக இருக்கிறாள் என்று அவள் சொன்னாள். இருவருமே டப்பாவைப் பார்க்கவில்லை.

புத்தகத்தில் அன்றைய பாடம் சோதனை. நம்பிக்கைக்கு எதிராக ஒரு ஆதாரத்தைக் கண்ணுக்கு நேராகக் காட்ட வேண்டும். கவுன்சலர் டப்பாவைத் திறக்கச் சொல்லி, ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள். "நீங்க முதல்ல ஒரு வாய் சாப்பிடுங்கம்மா. உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னு சார் பாக்கட்டும்."

மனைவியின் முகம் சுண்டிப்போயிற்று. டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, இரண்டு தரம் அழுத்தினாள்.

"அத்தையும் கடைசி நாலு மாசம் இதைத்தான் கேட்டாங்க மேடம்" என்றாள். "ஒவ்வொரு வேளையும் நான் முதல்ல தின்னு காட்டணும். அப்புறம்தான் வாயத் திறப்பாங்க. காட்டினேன். சாகப்போறவங்களாச்சேன்னு காட்டினேன். இவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. இப்ப இவர் முன்னாடியும் தின்னு காட்டித்தான் நான் நல்லவன்னு ஆகணும்னா, எனக்கு வேணாம். பாப்பாவ அங்கேயே சேத்துடறேன்."

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். மெக்கானிக் மனைவிக்குப் பின்னாலேயே படி இறங்கி, தெரு தாண்டி, பஸ் நிறுத்தம் வரை நடந்தார். ஏறி உட்கார்ந்தவள் அந்தப் பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். பஸ் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். அம்மா தன்னிடம் அதைச் சொல்லவே இல்லையே என்று நினைத்தார். இவளும் சொல்லவில்லையே என்று நினைத்தார். அவரை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எவ்வளவு விஷயத்தை மென்று முழுங்கியிருக்கிறார்கள்!

அடுத்த வாரம் கவுன்சலர் பதறிப்போய் இருந்தாள். பதறினால் மனுஷர்கள் தெரிந்ததையே இன்னும் பலமாகச் செய்வார்கள், அவளும் அதைத்தான் செய்தாள். காலி நாற்காலி ஒன்றை அவருக்கு எதிரே போட்டாள். அந்தக் குரல் அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னாள். அதை நேருக்கு நேர் பார்த்து, உனக்கு என்மேல் ஒரு அதிகாரமும் கிடையாது, வெளியே போ என்று உரக்கச் சொல்ல வேண்டும்.

மெக்கானிக் எழுந்து நின்றுவிட்டார். அம்மா உட்கார்ந்திருக்கும்போது எதிரே கால் நீட்டி உட்கார்ந்திருக்க அவரால் முடியவில்லை. காலி நாற்காலியைப் பார்த்து இரண்டு கையையும் பிசைந்தார். பிறகு நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, "அடுத்த வாரம் வரேன் மேடம்" என்று ரொம்பப் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்படிச் சொன்னால் வரமாட்டார் என்று அர்த்தம். நம் ஆட்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியவில்லை. அடுத்த வாரம் பதினாலாம் நம்பர் அறையில் அவருக்காக அவள் ஒரு மணி நேரம் காத்திருந்தாள்.

மூன்றாம் நாள் மதிய மணி அடித்தபோது கவுன்சலர் தையல் கூடத்து வாசலில் வந்து நின்றாள். அறைக்கு வெளியே ஆளைப் பார்க்கக்கூடாது என்று புத்தகத்தில் இருந்ததாம், இருக்கட்டும் என்று வந்துவிட்டாள். ஜன்னலோரப் பெண்கள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். அவள் நேராக வெட்டு மேஜைக்குப் பின்னால் போய், அவருக்கு எதிரே ஒரு துணிக்கட்டின்மேல் உட்கார்ந்தாள். உரித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மெக்கானிக் திருதிருவென்று விழித்தார். நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தாள். வெறும் தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நான் சொன்னதுக்கெல்லாம் சரி மேடம், சரி மேடம்னீங்க. ஒண்ணாவது செஞ்சீங்களா?"

"இல்ல மேடம்."

"முடியாதுன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"மூஞ்சிக்கு நேரா எப்படி மேடம்?" என்றார் அவர், உண்மையாகவே புரியாமல்.

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. இந்த வித்தையை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள். அவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக இருக்கும். "எங்க அம்மாகிட்டதான்" என்றார்.

பிறகு அவராகவே சொல்லிக்கொண்டு போனார். மழையில் வெளியே போகாதே என்பார் அம்மா. சரிம்மா என்பார், குடை எடுக்காமல் போவார். இந்த வேலை வேண்டாம், கைவிரல் போய்விடும் என்பார். சரிம்மா, அதே வேலைக்குப் போனார். காலர் தைக்கிறவள் வேண்டவே வேண்டாம் என்றார் அம்மா. சரிம்மா என்று சொல்லிவிட்டு அடுத்த மாதமே அவளைக் கட்டிக்கொண்டார். ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை, ஒரு நாளும் சொன்னதைச் செய்ததும் இல்லை. அம்மாவுக்கும் இது தெரியும். சரி என்றானா, அப்படியென்றால் செய்யமாட்டான் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாராம்.

கவுன்சலர் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஜன்னலோரம் டப்பாக்களை மூடும் சத்தம் கேட்டது.

"நாப்பது வருஷம் அவங்க சொன்னதைக் கேக்காத ஆளு" என்றாள் மெதுவாக. "இப்ப மட்டும் ஏன் சார் கேக்கறீங்க?"

மெக்கானிக் முட்டையைக் கீழே வைத்தார். மணி அடித்து, முதல் வரிசை மெஷின்கள் ஓடத் தொடங்கின. அந்த இரைச்சலுக்குள் அவர் சொன்னது அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

"அப்பல்லாம் கோவிச்சிக்கிட்டாலும் அடுத்த அறையிலதானே மேடம் இருந்தாங்க. இப்ப கோவிச்சிக்கிட்டுப் போயிட்டா, எங்க போய்த் தேடுவேன்?"

இதற்கு எந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? அந்தப் பெண் தேடவும் இல்லை. தனக்குத் தெரியாது என்று நேர்மையாகச் சொன்னாள். இனிமேல் அம்மாவைப் போகச் சொல்லும்படி கேட்கமாட்டேன் என்றாள். அவர்கள் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும். அவர்களுக்கு நாற்பது வருஷம் என்ன பதில் சொல்லிப் பழக்கமோ அதையே சொல்லிவிட்டு, நாற்பது வருஷம் செய்த மாதிரி உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள் என்றாள்.

மெக்கானிக் அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்தத் தடவை அவர் சரி மேடம் என்று சொல்லவில்லை.

டீயில் ஆரம்பித்தார்கள். மறுநாள் சாயங்காலம் ஜன்னலோரப் பெண்களின் ஃபிளாஸ்க்கிலிருந்து அவர் ஒரு கோப்பை கேட்டு வாங்கினார். பெண்கள் மூச்சு விடவில்லை. கோப்பை உதட்டுக்குப் போனதும் அம்மா வேண்டாம் என்றார். "சரிம்மா" என்று முணுமுணுத்துவிட்டுக் குடித்தார். அம்மா திட்டினார். அன்றைக்கு ராத்திரி அவர் தூங்கவில்லை. அம்மா போய்விட்டாரோ என்று விடியும்வரை பயந்துகொண்டே கிடந்தார். காலையில் முட்டை உரிக்கும்போது குரல் வந்ததும் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். அடுத்த நாள் மேஸ்திரியின் டப்பாவிலிருந்து ஒரு உருளைக்கிழங்குத் துண்டு. சரிம்மா. அதற்கடுத்த நாள் கடையில் சமைத்த சாப்பாடு அரைத் தட்டு. சரிம்மா, சரிம்மா. நோட்டில் இப்போது மார்க் கிடையாது. ஒரு பக்கம் அம்மா சொன்னது, மறுபக்கம் தான் செய்தது. ஒன்பது நாளில் பாதி நோட்டு நிறைந்தது. ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் இது என்ன முறை என்று பெரிய டாக்டர் கேட்டபோது, கவுன்சலர் கூச்சப்படாமல், இவர் வீட்டு முறை சார் என்றாள். இன்னொருத்தர் வீட்டில் வேறு மாதிரி இருக்கும், அதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்றும் சொன்னாள். அவர் புருவத்தைத் தூக்கினார், ஆனால் எழுதிக்கொண்டார்.

ஆனால் யார் கையிலிருந்து வாங்கித் தின்றாலும், மனைவி கையிலிருந்து வாங்கித் தின்றால்தானே பெண்டாட்டி பிள்ளை திரும்பும்? அம்மா முதலில் வேண்டாம் என்று சொன்னதே அந்தக் கையைத்தானே? அம்மா, பெண்டாட்டி, இரண்டில் ஒன்றைக் கை நழுவ விடப்போகிறோம் என்று அவருக்கு உள்ளுக்குள் தோன்றிக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடம் புதன்கிழமை திறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை மெக்கானிக் சவரம் செய்துகொண்டு பஸ் ஏறினார்.

மச்சான் டயர் கடை வைத்திருந்தார், வீடு கடைக்குப் பின்னால். வாசலில் அவரைப் பார்த்ததும் மச்சான் முகம் இறுகிப்போயிற்று. இருந்தாலும் வாங்க மாப்பிள்ளை என்றார், நாற்காலி போட்டார், தானும் கதவோரம் உட்கார்ந்துகொண்டார். நகரவில்லை. பாப்பா உள் அறையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவைக் கண்டதும் சட்டென்று தட்டின்மேல் குறுக்காகக் கை வைத்து மறைத்தாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போயிற்று. மெக்கானிக்குக் குத்திவிட்ட மாதிரி இருந்தது. குழந்தை உதட்டின்மேல் ஒரு சின்னத் தழும்பு தெரிந்தது.

மனைவி வந்து தூணில் சாய்ந்து நின்றாள்.

"நீ அம்மாவுக்குத் தின்னு காட்டினது எனக்குத் தெரியாது" என்றார்.

"தெரிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

தெரிந்திருந்தால் அம்மாவிடம் ஏன் இப்படி என்று கேட்டிருப்பாரா? கேட்டிருக்கமாட்டார். இருவருக்கும் தெரியும். பிறகு, இரண்டு வருஷமாக அவளிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "பசிக்குது."

அவள் அண்ணனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். வேகமாக உள்ளே போனாள். விசேஷமாக ஒன்றும் சமைத்திருக்கவில்லை. இருந்ததைப் போட்டுக்கொண்டு வந்து முன்னால் வைத்தாள். ருசி பார்த்துக் காட்டவில்லை, அவர் கேட்கவும் இல்லை.

முதல் வாய் எடுத்ததும் அம்மா வந்தார். "சின்னவனே, வேணாம்."

"சரிம்மா" என்றார். வாய்விட்டே சொன்னார். மச்சான் தலையைத் தூக்கினார். மெக்கானிக் வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"அவ கையால வேணாம்னு சொன்னேனே."

"ஆமாம்மா. சரிம்மா." இரண்டாவது வாய். மூன்றாவது. காலர் மெஷின் காலத்தில் அவள் டப்பாவிலிருந்து திருடித் தின்ற அதே கை ருசி. அடப்பாவி, இதை விட்டுவிட்டா இரண்டு வருஷம் முட்டை உரித்தோம் என்று இருந்தது. நாலாவது வாய்க்கு, சொன்னதைக் கேட்க மாட்டாயா என்று அம்மா கேட்டார். கேட்கிறேன் அம்மா என்று சொல்லி அதையும் தின்றார். மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். யாருக்கு அவர் பதில் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. எத்தனை நாள் பார்த்த கதை அது! மாமியார் இருந்த காலத்தில் இதே சரிம்மாவைக் கேட்டுக் கேட்டு உள்ளுக்குள் சிரித்திருக்கிறாள்.

பாதித் தட்டு காலியானபோது மெக்கானிக்கின் கை நின்றுவிட்டது. தலையைச் சாய்த்தார். ஓடுகிற மெஷின்களுக்கு நடுவே நிற்கும்போது சாய்ப்பாரே, அப்படி. இன்னொரு வாய் எடுத்து உதடு வரை கொண்டுபோய்க் காத்திருந்தார். தின்றார். மறுபடி காத்திருந்தார். கடையில் யாரோ டயருக்குக் காற்று அடித்தார்கள். வேறு சத்தம் இல்லை. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் தட்டிலேயே சொட்டியது.

மனைவி பக்கத்தில் வந்து குனிந்தாள். "என்னங்க, காரமா?"

"அம்மா பேசல" என்றார். "கோவிச்சிக்கிட்டாங்க. போயிட்டாங்க."

இந்த நிமிஷத்துக்காகத்தான் அவள் இரண்டு வருஷம் இருக்கிற தெய்வத்தையெல்லாம் வேண்டியிருந்தாள். அந்தக் குரல் ஒழிய வேண்டும் என்று பஸ்ஸில் அழுதிருக்கிறாள். உயிரோடு இருந்தபோது ஒரு வேளைகூடத் தன் கையை நம்பாத மாமியார். இப்போது சந்தோஷப்பட்டிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் புருஷனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்டயும் இப்படித்தான்" என்றாள். "கோவம் வந்தா மூணு நாள் பேச மாட்டாங்க. நாலாம் நாள் அவங்களே வந்து, உப்பு எங்க வச்சிருக்கேன்னு கேப்பாங்க. வருவாங்க. எங்க போயிடப்போறாங்க? நீங்க சாப்பிடுங்க."

சொல்லிவிட்டு, அவர் கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டாள்.